மாட்டு நாக்குத் தீவின் வயல்கள்

விதைக்கடையில் ஊர்ப்பெயரைச் சொல்லி விதை கேட்பது தமிழ்நாட்டு விவசாயிக்குப் பழகிய காரியம். ஏ.டி.டி. என்றால் ஆடுதுறை, கோ என்றால் கோயம்புத்தூர், டி.எம்.வி. என்றால் திண்டிவனம், வி.ஆர்.ஐ. என்றால் விருத்தாசலம். மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் நிலக்கடலை போடுகிறவர்களுக்கு டி.ஏ.ஜி. 24, டி.ஜி. 37ஏ என்ற பெயர்கள் அதே அளவுக்குப் பழக்கம். அந்த முதல் 'டி' மும்பையின் கிழக்குக் கரையில் உள்ள டிராம்பே.

ஆடுதுறைக்குப் போகிறவர் நெல்வயலைப் பார்க்கலாம். திண்டிவனத்தைச் சுற்றி இன்றும் கடலை விளைகிறது. செம்பூரிலிருந்து பஸ் ஏறி டிராம்பேயில் போய் இறங்குகிறவர் கண்ணில் படுவது வேறு: எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் புகைபோக்கிகள், உரத் தொழிற்சாலை, அனல் மின் நிலையம், பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் முடிவில்லாத மதில், தேவ்னார் குப்பைமலை, அதன் பிறகு சீத்தா கேம்ப்பின் நெருக்கியடித்த வீடுகள். சொந்தமாக ஒரு காணி உழுது நெல் அறுக்கும் விவசாயி அங்கே எவரும் இல்லை. நூறு ஆண்டுகளுக்கு முன்பு கேட்டிருந்தால், டிராம்பேக்காரர் தம் ஊரை நெல்லும் உப்பும் மீனும் கொண்ட ஊர் என்றுதான் சொல்லியிருப்பார்.

முதலில் இது ஒரு தீவு. மேற்கே மாஹுல் கழி, கிழக்கே தாணே கழி, நடுவில் சுமார் 300 மீட்டர் உயரத்துக்கு எழும் ஒரு மலை. கப்பலில் வந்த ஆங்கிலேய மாலுமிகளுக்கு அந்த மலையின் வடிவம் மாட்டின் நாக்கைப் போலத் தெரிந்தது. தங்கள் மொழியில் அந்தப் பெயரையே வைத்துவிட்டார்கள். உள்ளூர் மராத்தியில் துர்பே. செம்பூர் அதன் வடமேற்கு ஓரத்துக் கிராமம். வடக்கே இருந்த பெரிய தீவான சாஷ்டியோடு, அதாவது ஆங்கிலேயர் சால்செட் என்று அழைத்த நிலப்பரப்போடு, டிராம்பேயை இணைக்கும் செம்பூர்க் கரைச்சாலை 1846 வாக்கில்தான் முடிந்தது. அதுவரை தண்ணீர் வடியும் நேரம் பார்த்துச் சேற்றில் இறங்க வேண்டும், அல்லது படகேற வேண்டும்.

சாஷ்டி என்ற பெயர் வந்தது 'ஷட்ஷஷ்டி', அறுபத்தாறு ஊர்கள், என்பதிலிருந்து. அந்தப் பெயர் இருக்கும் பழைய சாசனங்களில் ஒன்று பரேலில் கிடைத்த கல். 1187இல் வடகொங்கணத்தை ஆண்ட சிலாஹார மன்னன் அபராதித்தன், ஷட்ஷஷ்டியில் உள்ள மாஹவலி என்ற ஊரின் ஒரு தோப்பு வருமானத்திலிருந்து 24 திரம்மக் காசுகளை வைத்தியநாதர் கோயிலுக்குக் கொடுத்ததாக அந்தக் கல் சொல்கிறது. மாஹவலி இன்றைய குர்லாவை ஒட்டிய ஊர் என்று அறிஞர்கள் அடையாளம் காண்கிறார்கள். தமிழ்க் கோயில் கல்வெட்டுகளைப் படித்தவர்களுக்கு இந்த நடை அந்நியமாக இருக்காது: இன்ன தோப்பு, இன்ன வருமானம், இன்ன சாமிக்கு, மீறினவன் இன்ன கதியை அடைவான். டிராம்பேயின் வாசலில் 800 ஆண்டுகளுக்கு முன்பே கணக்கெழுதி வரி வாங்கும் அளவுக்குத் தோட்ட விளைச்சல் இருந்ததற்கு இந்த ஒரு வரி போதும்.

1534இல் குஜராத் சுல்தான் பகதூர் ஷா வசாய் உடன்படிக்கையில் இந்தக் கரையைப் போர்த்துகீசியரிடம் விட்டுக்கொடுத்தார். அவர்கள் கிராமங்களைத் தங்கள் அதிகாரிகளுக்கும் படைத்தலைவர்களுக்கும் பங்கு போட்டார்கள். 1545க்கும் 1548க்கும் இடையே, ஜோவாவ் டி காஸ்ட்ரோ கோவாவிலிருந்து ஆண்ட காலத்தில், டிராம்பேயும் செம்பூரும் டோம் ரோக்கே டெலோ டி மெனேசஸ் என்பவருக்குப் போயின. கடலுக்கு அப்பால் தெரியும் எலிஃபண்டா தீவு இன்னொருவருக்கு. உழுதவர்கள் மாறவில்லை, நெல்லில் பங்கு வாங்குகிறவர் மாறினார். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய தேவாலயங்களின் இடிபாடுகள் இந்தத் தீவில் இருந்ததைப் பழைய நூல்கள் பதிவு செய்திருக்கின்றன.

மும்பை வரலாறு என்று எழுதப்படும் பலவற்றில் இங்கே ஒரு பிழை நுழைந்துவிடுகிறது. 1661இல் இங்கிலாந்து அரசருக்குச் சீதனமாகப் போனது மும்பைத் தீவு மட்டும். டிராம்பே அதில் சேரவில்லை. சயானில் ஆங்கிலேயர் கோட்டை கட்டிக் கழிக்கு அப்பால் பார்த்துக்கொண்டிருந்தபோது எதிர்க்கரையில் போர்த்துகீசியர் இருந்தார்கள். 1737இல் மராத்தியர் சாஷ்டியைப் பிடித்தார்கள். 1774 டிசம்பரில் ஆங்கிலேயர் தாணே கோட்டையைக் கைப்பற்றினார்கள். 1782இல் சால்பாய் உடன்படிக்கை அதை உறுதி செய்தது. துறைமுகத்துக்கும் கோட்டைக்கும் ஒரு வரலாறு என்றால், அந்த நகருக்குச் சோறு போட்ட கழிக்கரைக் கிராமங்களுக்கு வேறொரு வரலாறு.

சோறு போட்டார்கள் என்பதை நேர்ப்பொருளிலேயே எடுத்துக்கொள்ளலாம். ஆங்கிலேயர் சாஷ்டி மேல் கண் வைத்ததற்கு ஒரு காரணம், தம் தீவு தன் வயிற்றை நிரப்பும் அளவுக்கு விளைவிக்கவில்லை என்பது. நெல், வைக்கோல், குதிரைகளுக்கும் எருமைகளுக்கும் புல், பனங்கள், காய்கறி எல்லாம் இந்தக் கரையிலிருந்து நகருக்குள் போயின.

டிராம்பேயைப் போன்ற கழிக்கரை ஊர்களில் நெல் விளைந்த முறையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். மலையடிவாரத்து நல்ல தண்ணீர் வயல் ஒரு வகை. கடல்நீர் ஏறி இறங்கும் சேற்றைக் கரை போட்டு மீட்ட உவர் வயல் இன்னொரு வகை. மராத்தியில் அதற்குக் 'கார்' நிலம் என்று பெயர். நம் பேச்சில் உள்ள 'காரம்' பிறந்த அதே வேர். நம் கார்ப் பருவத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.

உவர் வயலின் உயிர் அதன் வெளிக்கரை. மண்ணும் கல்லும் போட்டுக் கட்டிய கரையின் தாழ்ந்த இடத்தில் ஒரு மதகு இருக்கும். கடல் ஏறும்போது மதகை அடைத்து, வடியும்போது திறந்து விடுவார்கள். ஜூனில் மழை பிடித்ததும் முதல் சில வாரத் தண்ணீர் வயலில் தேங்கி உப்பைக் கரைக்கும். அதை வெளியே விட்டு, அடுத்த மழையைத் தேக்குவார்கள். மேல்மண் இனித்த பிறகுதான் விதைப்பு. ஏர் பூட்டினால் அடியிலிருக்கும் உப்பு மேலே வந்துவிடும் என்பதால் உவர் நிலத்தை உழுவதில்லை, நாற்று பறித்து நடுவதும் இல்லை. விதையை நனைத்து மூட்டம் போட்டு முளைகட்டி, சேற்றில் அப்படியே வீசிவிடுவார்கள். விளைவது சிவப்பு அரிசி. நல்ல தண்ணீர் நெல்லைவிட விலை குறைவு. ஆனால் கூழுக்கும் கஞ்சிக்கும் உழைக்கிறவர்கள் கேட்டு வாங்கிய அரிசி அது.

நண்டு கரையில் ஒரு துளை போட்டால் போதும், அந்த ஆண்டு வெள்ளாமை முடிந்தது. உடைப்பெடுத்து ஒரு முறை கடல்நீர் உள்ளே வந்துவிட்டால் நிலம் பழைய நிலைக்கு வர இரண்டு மூன்று மழைக்காலம் பிடிக்கும். அதனால் கரையைக் காப்பது ஊர்ப்பொது வேலையாக இருந்தது. கொங்கணத்தின் அலிபாக், பேண் பகுதிகளில் இதற்காகவே 'சிலோத்ரி' என்று ஒரு தனி நில ஏற்பாடு வளர்ந்து, வெளிக்கரைப் பராமரிப்புக்கு என்று நிலவாரியாகப் பங்கு வாங்கினார்கள். நம் ஏரிப் பாசனத்தின் குடிமராமத்தை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. நம்மவர்கள் தண்ணீரைத் தேக்கக் கரை காத்தார்கள். கொங்கணத்தார் தண்ணீரைத் தடுக்கக் கரை காத்தார்கள். கேரளத்துப் பொக்காளி வயலும், கோவாவின் கஸான் வயலும், நாகப்பட்டினம் கரையில் குழியடிச்சான் விளையும் நிலமும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை.

மேட்டு நில நெல்லுக்கு வேறு வழக்கம். தாணே மாவட்டம் முழுவதும் நாற்றங்கால் தயாரிக்க 'ராப்' போடுவார்கள்: சாணம், மரக்கிளைத் தழை, புல் என அடுக்கடுக்காகப் பரப்பி, மேலே மண் தூவி, கோடை முடியும் முன் எரிப்பார்கள். சாம்பல் எருவாகும், களை விதை கருகும், புழு சாகும். இதற்காகவே வயலை ஒட்டி 'வர்கஸ்' என்ற புல்லும் மரமும் கலந்த மேட்டு நிலம் இருந்தது. அரசாங்கம் காட்டை வளைத்து மரக்கிளை வெட்டத் தடை போட்டதும் தாணே, குலாபா மாவட்டங்களில் பெரிய எதிர்ப்புக் கிளம்பி, 1880களில் பம்பாய் வனக் கமிஷனே உட்கார வேண்டியதாயிற்று. ராப் இல்லாமல் நெல் விளையாதா என்பது அன்று அதிகாரிகளும் விவசாயிகளும் ஆண்டுக்கணக்காக வாதிட்ட கேள்வி. ஒரு நாற்றங்கால் வழக்கம் மாகாண அரசாங்கத்தைப் பதில் சொல்ல வைத்தது என்பதே அந்தக் காலத்து சாஷ்டியில் வயல் எவ்வளவு பெரிய காரியம் என்று காட்டுகிறது.

நிலம் யாருடையது என்ற கேள்வி அதற்கும் பழையது. கிழக்கிந்தியக் கம்பெனி சாஷ்டியின் கிராமங்களைக் கொத்துக்கொத்தாகக் குத்தகைக்கு விட்டது. குர்லாப் பகுதி பார்சி வாடியா குடும்பத்துக்கு. பவாய் 1799இல் ஹெலனஸ் ஸ்காட் என்ற மருத்துவருக்கு, அவர் மறைந்த பிறகு 1829இல் ஃப்ராம்ஜி காவாஸ்ஜி பானாஜிக்கு. இந்த ஃப்ராம்ஜி கெட்டிக்கார விவசாயி. கிணறுகள் வெட்டினார், கரும்பு வைத்தார், அவுரி பயிரிட்டார், பட்டுப்பூச்சிக்காக மல்பெரி நட்டார், மாந்தோப்பு போட்டார். ஆளுநர் ஜான் மால்கமே அவருடைய பண்ணையைப் பார்த்துப் பாராட்டினார். 1838இல் ஃப்ராம்ஜி தம் மாம்பழங்களைக் கப்பலேற்றி விக்டோரியா ராணிக்கு அனுப்பிவைத்தார். இந்தக் குத்தகைதாரர்களுக்குக் 'கோத்' என்று பெயர். அவர்களுக்குக் கீழே நிலத்தில் இறங்கி உழைத்தவர்கள் ஆக்ரிகள், கோலிகள், கிழக்கிந்தியக் கத்தோலிக்கர்கள். அவர்கள் பெயரை எந்த ராணிக்கும் யாரும் எழுதி அனுப்பவில்லை.

ஆக்ரி என்ற பெயரிலேயே அவர்கள் தொழில் இருக்கிறது. 'ஆகர்' என்றால் உப்புப் பாத்தி, 'மீட் ஆகர்' என்றால் உப்பளம். மழை நாலு மாதம் உவர் வயலில் நெல். தண்ணீர் வற்றிக் காற்று திரும்பியதும் கழிக்கரையில் உப்பு. தூத்துக்குடி, வேதாரண்யம் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, பாத்தியை மிதித்து இறுக்குவதும் கடல்நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றிக் காய்ச்சுவதும் எப்படிப்பட்ட உழைப்பு என்று. மாஹுல் கழியின் எதிர்க்கரையில் உள்ள வடாலா உப்பளங்களில்தான் 1930 மே, ஜூன் மாதங்களில் ஆயிரக்கணக்கானோர் புகுந்து உப்பு அள்ளி அடிபட்டார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் ராஜாஜி வேதாரண்யத்தில் உப்பெடுத்ததை நாம் பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். தாராவியிலிருந்து நடந்து போகும் தூரத்தில் நடந்த வடாலாவைப் படிப்பதில்லை.

டிராம்பேயின் மேல் நகரத்தின் கை முதலில் பட்டது குப்பை வடிவத்தில். 1896இல் மும்பையில் பிளேக் வந்தது. நகரத்துக் கழிவை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தேடிய நகராட்சிக்கு தேவ்னார் சதுப்பு நிலம் கண்ணில் பட்டது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் குப்பை ரயில் அங்கே போகத் தொடங்கியது. குர்லாவிலிருந்து செம்பூருக்குப் போட்ட பாதை முதலில் சுமந்தது குப்பை. பயணிகள் ஏறியது 1924இல். செம்பூரில் குடியேறிய தமிழர்கள் இன்று ஹார்பர் லைன் என்று ஏறி இறங்கும் பாதையின் பிறப்பு இது. சதுப்பு நிரம்பினால் நிலம் கிடைக்கும் என்பது அன்றைய கணக்கு. மலைதான் கிடைத்தது. 2016 ஜனவரியில் அந்தக் குப்பை தீப்பிடித்து எரிந்தபோது எழுந்த புகை செயற்கைக்கோள் படங்களில் தெரிந்தது.

1920இல் தென் சாஷ்டியைத் தாணே மாவட்டத்திலிருந்து பிரித்து மும்பைப் புறநகர் மாவட்டம் என்று ஆக்கினார்கள். 1928இல் டிராம்பேயிலிருந்து குர்லா வழியாக அந்தேரிக்கு ஒரு சிறு ரயில் ஓடத் தொடங்கியது. ஆறே ஆண்டில், 1934இல், சாந்தாகுரூஸ் விமான நிலையத்துக்காக அதை மூடினார்கள். செம்பூரில் கோல்ஃப் மைதானம் வந்தது, தோட்டப் புறநகர் வந்தது. அப்படியும் காட்லா, போர்லா, மாஹுல், மண்டாலே, மான்கூர்ட் எல்லாம் ஊர்களாகவே இருந்தன. மழைக்காலத்தில் பச்சையாகத் தெரிந்தன.

அந்தப் பச்சையைப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் துடைத்துவிட்டன. 1950இல் மாநகராட்சி எல்லை டிராம்பேயை விழுங்கியது. 1951இல் சாஷ்டிப் பண்ணைகளின் பழைய வரிச்சலுகையை ஒழிக்கும் சட்டம் வந்து கோத்களின் கை தளர்ந்தது. 1957 ஏப்ரல் 1 உழுகிறவனுக்கே நிலம் என்று அறிவித்த நாள். டிராம்பேயில் அந்த நாள் விடிவதற்குள் மற்றவை விடிந்துவிட்டன. 1954இல் ஸ்டாண்டர்ட் வாக்குவம் சுத்திகரிப்பு ஆலை, 1955இல் மாஹுலில் பர்மா ஷெல் ஆலை, 1956இல் டாடா அனல் மின் நிலையம். 1954 ஜனவரி 3ஆம் தேதி, பின்னாளில் பாபா அணு ஆராய்ச்சி மையமாக ஆன டிராம்பே அணுசக்தி நிலையம் பிறந்தது. 1956 ஆகஸ்ட் 4ஆம் தேதி அதன் அப்சரா உலை இயங்கத் தொடங்கியது. 1957 ஜனவரி 20ஆம் தேதி நேரு வந்து நிலையத்தைத் திறந்துவைத்தார். 1965இல் உரத் தொழிற்சாலை. மலை ஒரு பக்கம் அரண், கழி ஒரு பக்கம் குளிர்விக்கும் நீர், ஜெட்டி போட ஆழமான கடல், நகரத்துக்கு அருகே மலிவான நிலம்: தொழிலுக்கு எவையெல்லாம் வசதியோ அவை எல்லாம் இந்தத் தீவில் இருந்தன. உவர் வயலும் உப்பளமும் ஆவணத்தில் பெரும்பாலும் 'தரிசு', 'சதுப்பு' என்ற தலைப்பில் விழும். ஒரு மழைக்காலம் முழுக்கக் கரை காத்த உழைப்புக்கு அந்தத் தலைப்பில் இடம் கிடையாது. டிராம்பே விவசாயம் தோற்று அழிந்தது என்று சொல்வது தவறு. அதை யாரும் கணக்கிலேயே எடுக்கவில்லை.

அந்த அணுசக்தி நிலையத்தை நிறுவிய ஹோமி பாபாவைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கட்டடத்துக்காக மரத்தை வெட்ட அவர் விடமாட்டார். வேரோடு பெயர்த்து வேறிடத்தில் நட்டுப் பிழைக்கவைப்பார். டிராம்பே வளாகத்தின் தோட்டத்தை அவர் உலையைப் போலவே கவனித்துத் திட்டமிட்டார். தீவின் மலைச்சரிவு இன்றும் பசுமையாக இருப்பதற்கு அந்த வளாகத்தின் வேலி ஒரு காரணம். அதே வேலிக்குள்தான் டிராம்பேயின் இரண்டாவது வேளாண் வரலாறு தொடங்கியது.

கதிர்வீச்சைப் பயிருக்குப் பயன்படுத்த முடியுமா என்று நிலையத்தின் உயிரியல் பிரிவு தொடக்க ஆண்டுகளிலேயே பார்க்கத் தொடங்கியது. செய்முறை கேட்க எளிது. காய்ந்த விதையை எக்ஸ் கதிருக்கோ, கோபால்ட்-60 வெளியிடும் காமா கதிருக்கோ அளவாகக் காட்டி, பிறகு விதைப்பார்கள். முதல் தலைமுறையில் பெரிதாக எதுவும் தெரியாது. அதன் விதையை எடுத்து இரண்டாம் தலைமுறையில் ஆயிரக்கணக்கான செடிகளை வளர்த்து, வரிசை வரிசையாக நடந்து, மாறியிருக்கும் செடியைக் கண்ணால் பொறுக்க வேண்டும். குட்டையாக நிற்பது, பருப்பு பருத்திருப்பது, முன்கூட்டி முதிர்வது, நோய் தாங்குவது என்று கிடைப்பவை சில. பயனில்லாத மாற்றங்கள் மிகப் பல. பொறுக்கியதைப் பல தலைமுறை வளர்த்து நிலைநிறுத்தி, மற்ற ரகங்களோடு கலப்பு செய்து, மாநில வேளாண் பல்கலைக்கழகங்களின் வயலில் சோதித்து, பிறகுதான் ரகமாக வெளியிடுவார்கள். விதையில் கதிரியக்கம் எதுவும் தங்குவதில்லை. இது தெரியாமல் பயப்படுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஸ்பானிஷ் இம்ப்ரூவ்ட் என்ற கடலை ரகத்தை எக்ஸ் கதிருக்குக் காட்டிப் பிறந்த பெரும்பருப்பு ரகம் டி.ஜி. 1, வெளியீடு 1973. 1985இல் டி.ஏ.யூ. 1 உளுந்து. 1990களின் தொடக்கத்தில் டி.ஏ.ஜி. 24 கடலை: செடி குட்டை, சத்தெல்லாம் காய்க்குப் போகும். பெயரின் நடுவில் உள்ள 'ஏ' விதர்பாவின் அகோலா வேளாண் பல்கலைக்கழகம். டிராம்பேயில் வயல் ஏது? வளாகத்துக்குள் ஒரு சோதனை வயலும் கர்நாடகத்தின் கௌரிபிதனூரில் இன்னொன்றும் போக, அகலமான சோதனைக்கு மற்றவர்களின் மண்ணைத்தான் நாட வேண்டியிருந்தது. அந்தக் கூட்டு விதையின் பெயரிலேயே பதிந்துவிட்டது. துவரை, பாசிப்பயறு, கடுகு, நெல் என்று இதுவரை ஐம்பதுக்கும் மேற்பட்ட ரகங்கள் டிராம்பேயிலிருந்து போயிருக்கின்றன. 1999இல் வந்த டி.யூ. 94-2 உளுந்து தென் மாநிலங்களுக்கானது; அந்தப் பட்டியலில் தமிழ்நாடும் உண்டு. மாட்டுங்காவிலோ செம்பூரிலோ இட்லி மாவுக்கு ஊறப்போடும் உளுந்தின் பூர்வீகம் சில கிலோமீட்டருக்குள் இருக்கவும் கூடும்.

உரம் இன்னொரு கதை. 1965இல் இந்திய உரக் கழகத்தின் டிராம்பே பிரிவாகத் தொடங்கியது, 1978இல் ராஷ்ட்ரிய கெமிக்கல்ஸ் அண்ட் ஃபெர்டிலைசர்ஸ் என்ற தனி நிறுவனமானது. அதன் 'சுஃபலா' மூட்டை தெரியாத மகாராஷ்டிர விவசாயி இருக்க மாட்டார். அந்த மூட்டைகளுக்குச் செம்பூர் கொடுத்த விலையும் சின்னதில்லை: சுற்றிலும் நின்ற ஆலைகளின் புகையால் 1970களில் செம்பூருக்கு 'கேஸ் சேம்பர்' என்றே பட்டப்பெயர் விழுந்தது. பக்கத்து ஊர்களின் மூச்சைப் பிடித்துக்கொண்டு தூரத்து வயல்களுக்கு எரு அனுப்பிய தீவு இது.

இந்த வேலிகளுக்கு வெளியே யார் இருந்தார்கள் என்று பார்த்தால் நம்மவர்கள் வருகிறார்கள். அணு நிலையத்தை ஒட்டி மான்கூர்ட் பக்கம் ஜனதா காலனி என்ற பெரிய குடிசைப் பகுதி இருந்தது. வானம் பார்த்த பூமியை விட்டுப் பிழைக்க வந்த தமிழர்கள் அதில் கணிசமாக இருந்தார்கள். நிலையத்தின் விரிவாக்கத்துக்காக அந்த இடத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். கோலார் தங்கவயல் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து அந்தக் காலனிக்கு வந்து குடியேறிய ஜோக்கின் அற்புதம் எதிர்த்து நின்றார். நீதிமன்றம் போனார், டெல்லி வரை போனார். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இல், சுமார் 70,000 பேரைக் கிளப்பி டிராம்பேயின் ஓரத்துச் சதுப்பில் கொண்டுபோய் விட்டார்கள். அதுதான் சீத்தா கேம்ப். அற்புதம் பின்னாளில் தேசியக் குடிசைவாழ்வோர் கூட்டமைப்பின் தலைவராக உலகம் முழுக்கப் பேசப்பட்டு, 2000இல் மகசேசே விருது பெற்று, 2018இல் மறைந்தார். ஆக்ரிகள் கரை கட்டி மீட்டது எந்த மாதிரிச் சேறோ, அதே மாதிரிச் சேற்றில் மண்ணும் கட்டட இடிபாடும் கொட்டி வீடு எழுப்பினார்கள் சீத்தா கேம்ப்காரர்கள். நெல்லுக்காகச் செய்தபோது அது விவசாயம். குடியிருக்கச் செய்தபோது ஆக்கிரமிப்பு என்றார்கள். இரண்டுமே கழியோடு செய்த உழைப்புதான்.

மாம்பழத்துக்குத் திரும்பலாம். ஃப்ராம்ஜியின் பழம் போய் 169 ஆண்டுகள் கழித்து, 2007 ஏப்ரலில், இந்திய மாம்பழம் 18 ஆண்டு இடைவெளிக்குப் பின் அமெரிக்காவுக்குள் நுழைந்தது. பழத்தோடு பூச்சியும் வந்துவிடும் என்று சொல்லி அடைத்திருந்த கதவு அது. திறந்த சாவி கதிர்வீச்சு: நாசிக் மாவட்டம் லாசல்காவில், வெங்காயம் முளைக்காமல் காக்க டிராம்பே விஞ்ஞானிகள் அமைத்த 'கிருஷக்' ஆலையில், பழங்களைக் குறைந்தது 400 கிரே அளவுக்குக் காமா கதிரில் காட்டி அனுப்பினார்கள். ரத்னகிரி அல்போன்சா விவசாயிக்கு அன்று டிராம்பே என்ற பெயர் நல்ல செய்தியாக வந்து சேர்ந்தது. இதில் பெருமைப்பட நிறைய இருக்கிறது.

ஆனால் அதே தீவின் சிவப்பு உவர் நெல் எங்கே? கழிக்கு அப்பால் பன்வேலில், கொங்கண் வேளாண் பல்கலைக்கழகத்தின் உவர் நில ஆராய்ச்சி நிலையம் 'காலா ராத்தா', 'பூரா ராத்தா' போன்ற கொங்கணத்து உவர் நெல் ரகங்களைப் பேணிவைத்தது. உப்பைத் தாங்கும் ரகங்களைத் தேடும் ஆராய்ச்சியாளர்கள் இன்று அவற்றின் பெயரை அறிவார்கள். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகை மாவட்டத்து உப்பேறிய வயல்களில் நவீன ரகங்கள் கருகியபோது பாரம்பரிய நெல்லைத் தேடிப் போனது நமக்கு நினைவிருக்கிறது. கடல் மட்டம் ஏறிவரும் காலத்தில் உப்பில் விளையும் விதை நாளைக்குத் தேவைப்படும் விதை. அதைப் பன்னெடுங்காலம் பொறுக்கி வைத்திருந்தவர்களின் வயலைத்தான் தரிசு என்று எழுதினோம்.

மிச்சமிருக்கும் நிலத்தின் கணக்கும் இப்போது நடக்கிறது. மும்பையில் மீந்திருக்கும் உப்பள நிலம் சுமார் 5,000 ஏக்கர். 2024இல் தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தில் இடம்பெறாதவர்களின் வாடகை வீடுகளுக்காகக் காஞ்சூர்மார்க், பாண்டுப், முலுண்ட் பகுதிகளின் உப்பள நிலத்தில் சுமார் 255 ஏக்கரை ஒதுக்க ஒப்புதல் கிடைத்தது; தேவ்னார் குப்பைமேட்டில் சுமார் 124 ஏக்கரும் அதே திட்டத்துக்கு. தாராவியிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் சில இந்தக் கழிக்கரைக்கு வரக்கூடும். ஜனதா காலனியிலிருந்து ஒரு தலைமுறை ஏற்கெனவே வந்த பாதை அது.

செம்பூரிலும் டிராம்பேயிலும் வசிக்கும் தமிழ் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாஹுல், காட்லா, மண்டாலே, டிராம்பே கோலிவாடா ஆகிய ஊர்களின் பழைய தெருக்களில் உவர் வயலில் விதை வீசியதையும் உப்புப் பாத்தி மிதித்ததையும் சிறுவயதில் பார்த்த ஆக்ரி, கோலிப் பெரியவர்கள் இன்னும் இருப்பார்கள். அவர்களுக்கு எண்பது வயதுக்கு மேல் ஆகியிருக்கும். உங்கள் பிள்ளைகளுக்கு மராத்தி தெரியும். மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களை அழைத்துக்கொண்டு போய், எந்த வயலில் என்ன நெல் விளைந்தது, அதன் பெயர் என்ன, மதகு எங்கே இருந்தது, கரையை யார் காத்தார்கள் என்று கேட்டு எழுதி வாங்கி வையுங்கள்.